பால் சென்சார் காட்டும் எண்ணில் சந்தேகமா? அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

கறவைக்கூடத்தில் பால் குழாயோடு பொருத்தியிருக்கும் ஒளி சென்சார், ஒவ்வொரு மாட்டின் பாலிலும் கொழுப்பு, புரதம், லாக்டோஸ் எவ்வளவு என்பதைக் கறக்கும்போதே சொல்லிவிடுகிறது. நன்றாக ஓடும் வரை அதைப்போல ஒரு துணை கிடையாது. எண் தடம் மாற ஆரம்பித்ததும் பலரும் முதலில் கைவைப்பது காலிப்ரேஷனில்தான், அதாவது ஒளி அளவைக் கொழுப்பு, புரத எண்ணாக மாற்றும் கணக்கில். உண்மையில் அதில் கடைசியாகத்தான் கைவைக்க வேண்டும். சென்சாரின் ஒளி பாலுக்குள் போகும் கண்ணாடியில் படலம் இருக்கும்போது காலிப்ரேஷனைத் திருத்தினால், அந்தப் படலத்தையும் கணக்கில் சேர்த்து எழுதிவிடுகிறோம். நாளைக்குக் கழுவிச் சுத்தம் செய்ததும் எண் எதிர்ப்பக்கம் ஓடும். அதைச் சரிசெய்ய இன்னொரு திருத்தம், அப்புறம் அதற்கும் ஒரு திருத்தம். கடைசியில் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது.

சென்சார் என்ன பார்க்கிறது என்பதை ஒரு முறை மனதில் வாங்கிக்கொண்டால் கீழே வரும் எல்லாமே எளிதாகப் புரியும். கொழுப்பை அது எடை போடுவதில்லை. பாலுக்குள் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை விட்டு, எவ்வளவு திரும்புகிறது அல்லது கடந்து போகிறது என்று பார்க்கிறது. பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர். தண்ணீர் 970 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே ஒளியை உட்கவரும், 1450 அருகே இன்னும் பலமாக உட்கவரும். கொழுப்பின் அடையாளம் 930 நானோமீட்டர் பக்கமும் 1210 பக்கமும் தெரியும். இதற்கு மேல் சிதறல் இருக்கிறது. கொழுப்புத் துளிகள் பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர் அளவு, கேசின் புரதத் துகள்கள் அதைவிட மிகச் சிறியவை. ஆனால் இரண்டுமே ஒளியைச் சிதறடிக்கும். பால் வெள்ளையாகத் தெரிவதே இதனால்தான். ஆய்வகக் கருவி பாலை 40 டிகிரிக்குச் சூடாக்கி, துளிகளை ஒரே அளவாக உடைத்துவிட்டுத்தான் அளக்கிறது. பண்ணையில் இருக்கும் சென்சாருக்கு அந்த வசதி இல்லை. மடியிலிருந்து வந்த பாலை, வந்த சூட்டில், வந்த வேகத்தில், குமிழியோடு சேர்த்து அளந்தாக வேண்டும். இங்கே வரும் பிழைகளில் பெரும்பங்கு அதனால் வருவதுதான்.

தொடங்கும் முன்: மாடா, இடமா?

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கடந்த சில நாள் பதிவுகளை எடுத்து இரண்டு விதமாக அடுக்கிப் பாருங்கள். ஒரு முறை மாட்டு எண் வரிசையில், இன்னொரு முறை கறவை இடத்தின் வரிசையில். எந்த இடத்தில் நின்று கறந்தாலும் அதே மாட்டுக்குத்தான் எண் விலகுகிறது என்றால் மாட்டைப் பாருங்கள், இல்லாவிட்டால் அதன் காது அடையாளத்தைப் பாருங்கள். எந்த மாடு வந்தாலும் ஒரே இடத்தில் விலகுகிறது என்றால் அந்த இடத்தின் சென்சார், குழாய், கண்ணாடி. எல்லா இடத்திலும் எல்லா மாட்டுக்கும் ஒன்றாக நகர்ந்திருந்தால் பொதுவான ஏதோ ஒன்று: தீவனம், கழுவும் முறை, மென்பொருள், ஒப்பிடும் ஆய்வக எண். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் கருவியைக் கழற்ற வேண்டாம். ரோபோ கறவையில் ஒரே இடம்தான் இருக்கும், அங்கே இடத்துக்குப் பதில் நேரத்தை வைத்து அடுக்குங்கள்.

அறிகுறி: ஒரே இடத்தில் கொழுப்பு எண் நாளுக்கு நாள் மெல்ல ஏறுகிறது

திடீரென்று இல்லாமல், வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது என்றால் முதல் சந்தேகம் கண்ணாடியில் படியும் படலம். அது ஒளியை மறைக்கிறது அல்லது சிதறடிக்கிறது. சென்சாருக்கு அது கூடுதல் பால் திடப்பொருளாகத் தெரிகிறது. பெரும்பாலும் எண் மேலே போகும். கருவியின் அமைப்பைப் பொறுத்து கீழேயும் போகலாம், அதனால் திசையை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம்.

கண்ணாடியைப் பார்ப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கழுவி முடித்த கையோடு ஈரமாக இருக்கும்போது பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கும். மின்சாரத்தை அணைத்து, கழற்றி, முழுக்கக் காயவிட்டு, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அப்போதுதான் ஓரத்தில் சாம்பல் வெள்ளையாக ஒரு வளையமோ, நடுவில் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலமோ தெரியும். இந்த இரண்டும் ஒன்றல்ல. விரல் நகத்தால் தொட்டால் சொரசொரப்பாக, சுண்ணாம்புபோல இருப்பது பால்கல். கால்சியம் பாஸ்பேட்டும் புரதமும் சேர்ந்து இறுகியது. வழுக்கலாக இருப்பது கொழுப்பு. பால்கல் அமிலத்துக்குக் கரையும், காரத்துக்கு அசையாது. கொழுப்பும் புரதமும் காரத்துக்குப் போகும். எது படிந்திருக்கிறது என்று தெரிந்தால் கழுவும் முறையில் எந்தக் கட்டம் சரியாக நடக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

பால்கல் என்றால் அமிலக் கழுவல் நடக்கிறதா, அமிலம் உறிஞ்சும் குழாய் உண்மையிலேயே டப்பாவுக்குள் மூழ்கியிருக்கிறதா, தண்ணீர் கடினத்தன்மை கூடுதலா என்று பாருங்கள். கொழுப்பு என்றால் காரக் கழுவலின் சூட்டைப் பாருங்கள். ஆரம்பத்தில் 70 டிகிரிக்கு மேல் இருந்தாலும், சுற்றி முடித்துத் திரும்பி வரும் நீர் 40 டிகிரி பக்கம் இறங்கியிருந்தால் கரைந்த கொழுப்பு மறுபடியும் படிந்துவிடும். வெப்பமானியைப் போகும் பக்கம் இல்லாமல் திரும்பும் பக்கம் வையுங்கள். புரதப் படலம் என்றால் முதல் அலசலைப் பாருங்கள். அதற்கு 35 முதல் 45 டிகிரி வெதுவெதுப்பான நீர் போதும். பால் போகுமுன்னே கொதிக்கும் நீரை விட்டால் புரதம் வெந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கைகள். கண்ணாடியைக் கம்பி நாரால் தேய்க்கவே கூடாது. ஒரு கீறல் விழுந்தால் அதிலும் ஒளி சிதறும், அதில்தான் அடுத்த படலமும் முதலில் பிடிக்கும். இன்னொன்று இதைவிட முக்கியம்: குளோரின் கலந்த காரக் கரைசலையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து. ஒன்றை நன்றாக அலசிவிட்ட பிறகுதான் மற்றது.

சுத்தம் செய்த பின் சென்சாருக்குள் சுத்தமான தண்ணீரை நிரப்பி, கிடைக்கும் மூல ஒளி அளவை (சதவீதமாக மாற்றாத எண்ணை) எழுதி வையுங்கள். பொருத்திய நாளில் எடுத்த அதே அளவு கையில் இருந்தால் ஒப்பிட ஒரு நிமிடம் போதும். எடுத்து வைக்கவில்லை என்றால் இன்றையதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் சூடும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும், காரணம் கீழே வருகிறது.

அறிகுறி: ஒரே கறவைக்குள் எண் தாறுமாறாகக் குதிக்கிறது

பெரும்பாலும் காற்றுதான். கறவை இயந்திரத்தில் 40 முதல் 50 கிலோபாஸ்கல் வாக்குவம் இழுத்துக்கொண்டே இருக்கும். நான்கு காம்பிலிருந்தும் பால் வந்து சேரும் கிண்ணத்தில், பால் தேங்காமல் போவதற்காக வேண்டுமென்றே ஒரு சின்னத் துளை வழியாகக் காற்றும் விடப்படுகிறது. ஆகவே குழாயில் பால் ஒழுங்கான நதியாக வருவதில்லை. ஒரு கட்டி பால், ஒரு கட்டி காற்று, நுரை என்று மாறி மாறித்தான் வரும். குமிழியின் ஓரத்தில் ஒளி கன்னாபின்னாவென்று சிதறும். சென்சாருக்கு அது கொழுப்புத் துளியா காற்றுக் குமிழியா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அதனால்தான் நல்ல அமைப்புகளில் பால் ஒரு சின்ன அறையில் நிரம்பி, கணநேரம் அமைதியான பிறகு அளக்கும்படி வைத்திருப்பார்கள்.

எனவே முதலில் அந்த அறை நிரம்புகிறதா என்று பாருங்கள். சென்சார் தலைகீழாகவோ, குழாயின் உச்சியிலோ பொருத்தப்பட்டிருந்தால் காற்று அங்கேதான் தங்கும். பால் கீழிருந்து மேலாக ஏறும் இடத்தில் இருப்பதே நல்லது. அப்புறம் அளவுக்கு மீறிக் காற்று எங்கிருந்து நுழைகிறது என்று தேடுங்கள். வெடித்த லைனர் (காம்புக் கப்புக்குள் இருக்கும் ரப்பர் உறை), இறுகாத ரப்பர் வளையம், காம்பில் சரியாகப் பிடிக்காமல் சீறும் கப், குழாய் இணைப்பில் மயிரிழை விரிசல் எல்லாமே சந்தேகப் பட்டியலில் வரும். கறவை நடக்கும்போது இணைப்புகளின் மேல் காதை வைத்தால் சீறல் கேட்கும். கேட்காத சின்ன ஒழுகலைக் கண்டுபிடிக்க, பால் இல்லாத நேரத்தில் வாக்குவத்தை ஓடவிட்டு அந்தக் குழாயை மட்டும் அடைத்து, அளவுமானி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள்.

கறவையின் கடைசி நிமிடத்தில் மட்டும் குதித்தால் அது ஒழுகல் இல்லை. பால் வரத்து குறைந்து அறை நிரம்பாமல் போகிறது. வரத்து எந்த அளவுக்குக் கீழே போனால் அளவீட்டை எடுக்கக் கூடாது என்று மென்பொருளில் ஒரு எல்லை இருக்கும், அதைக் கொஞ்சம் உயர்த்தலாம். ஆனால் அதிகம் உயர்த்தினால் வேறொரு பிழை முளைக்கும். மடியில் முதலில் வரும் பாலில் கொழுப்பு ஒன்று இரண்டு சதவீதம்தான் இருக்கும், கடைசிப் பாலில் பல மடங்கு இருக்கும். கடைசிப் பாலை அளக்காமல் விட்டால் மொத்தக் கொழுப்பு குறைவாகத் தெரியும்.

அறிகுறி: குதிப்பு இல்லை, ஆனால் மொத்தக் கொழுப்பு எப்போதும் கூடுதலாகவே வருகிறது

மேலே சொன்ன காரணத்தாலேயே இதையும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மாடு 12 லிட்டர் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 4 லிட்டர் ஒன்றரை நிமிடத்தில் 2.5 சதவீதக் கொழுப்போடு வருகிறது. அடுத்த 4 லிட்டர் ஒன்றரை நிமிடத்தில் 4 சதவீதம். கடைசி 4 லிட்டர் வரத்து குறைந்து 3 நிமிடம் எடுக்கிறது, 6 சதவீதம். பாலின் அளவை வைத்துச் சராசரி எடுத்தால் சுமார் 4.2 சதவீதம், இதுதான் உண்மை. நேரத்தை வைத்துச் சராசரி எடுத்தால் 4.6 சதவீதம். சென்சார் ஒவ்வொரு கணமும் சரியாகவே அளந்திருக்கிறது, கூட்டிய விதம்தான் தவறு. பால் மீட்டரிலிருந்து வரத்து அளவு சென்சாருக்கு வராமல் போனால் சில அமைப்புகள் சத்தமில்லாமல் நேரச் சராசரிக்கு மாறிக்கொள்ளும். மீட்டரின் கம்பி இணைப்பையும், மீட்டர் காட்டும் லிட்டர் கணக்கு தொட்டியில் சேர்ந்த பாலோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள்.

அறிகுறி: முதலில் வரும் மாட்டுக்கு மட்டும் எல்லாமே குறைவு

கழுவிய தண்ணீர் குழாயில் தங்கியிருக்கிறது. குழாய்ச் சரிவைச் சரிசெய்யுங்கள், வடிகால் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். இதேபோல முந்தைய மாட்டின் பால் அறையில் மிச்சம் இருந்தால் அடுத்த மாட்டின் ஆரம்ப எண்கள் கெட்டுப்போகும்; முதல் சில நொடி அளவீட்டைத் தள்ளிவிடும் அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்தால் போதும்.

அறிகுறி: அதிகாலையில் சரி, வெயில் ஏற ஏற விலகுகிறது

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்றையொன்று போலவே தெரியும்.

ஒன்று, வெளிவெளிச்சம். கதவு வழியாகச் சூரிய ஒளி குழாய்மேல் விழுகிறது. சூரிய ஒளியில் அண்மை அகச்சிவப்பு ஏராளம். ஒளி ஊடுருவும் குழாய் என்றால் அதற்குள்ளேயே பாய்ந்து சென்சார் வரை வரும். கருப்புத் துணியையோ தடித்த கருப்புப் பிளாஸ்டிக்கையோ சுற்றிப் பாருங்கள். எண் உடனே திரும்பினால் வேறு எதையும் தேட வேண்டாம். கருப்பாகத் தெரியும் துணிகளில் சில அகச்சிவப்பை நன்றாகவே கடத்தும், அதனால் அலுமினியத் தாளை மேலே ஒரு சுற்று சுற்றிவிடுவது நிச்சயமான சோதனை. சென்சார் தன் விளக்கை அணைத்து எடுக்கும் இருட்டு அளவீடு பூஜ்யத்துக்கு அருகில் இல்லாமல் ஏறி நின்றால் அதுவும் வெளிவெளிச்சத்தையே காட்டுகிறது.

இரண்டு, கருவியின் சூடு. எல்.இ.டி. சூடாக ஆக ஒளி மங்கும், அலைநீளமும் கொஞ்சம் நீண்ட பக்கம் நகரும். ஒளியைப் பிடிக்கும் சிலிக்கான் டையோடில் வெளிச்சமே இல்லாதபோது கசியும் மின்னோட்டம், சுமார் 10 டிகிரி ஏறினால் இரு மடங்காகும். துணியால் மூடியும் இருட்டு அளவீடு இறங்கவில்லை என்றால் இதுதான். பெட்டியைச் சூட்டுக் குழாயிலிருந்தும் கூரைத் தகரத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். ஹாலஜன் விளக்கு வைத்த கருவி என்றால் கறவைக்கு அரை மணி நேரம் முன்பே போட்டு வையுங்கள். அது நிலைக்க நேரம் வேண்டும்.

மூன்று, பாலின் சூடு. இதைப் பலரும் கவனிப்பதில்லை, எனக்கு இதுதான் மூன்றிலும் முக்கியமாகப் படுகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிணைப்பு சூட்டோடு தளரும். 970 நானோமீட்டர் அருகே இருக்கும் அதன் அடையாளமும் இடம் மாறும். பாலில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், சில டிகிரி மாற்றம்கூட கொழுப்பு, புரத எண்களில் கசிந்து தெரியும். மடியிலிருந்து 37 டிகிரி பக்கம் கிளம்பும் பால், குளிர்ந்த காலையில் நீளமான குழாய் வழியாக வந்தால் சில டிகிரி இழந்திருக்கும். சென்சாருக்குள் இருக்கும் வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்று வெதுவெதுப்பான நீரில் இன்னொரு வெப்பமானியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குழாய்க்கான காலிப்ரேஷனை வைத்துக்கொண்டு 4 டிகிரியில் இருக்கும் குளிர்தொட்டிப் பாலை அளக்க வேண்டாம். அந்தக் குளிரில் கொழுப்பில் ஒரு பகுதி கெட்டியாகிவிடும், சிதறலே வேறாகிவிடும்.

அறிகுறி: மடிநோய் எச்சரிக்கை பொய்யாக வருகிறது, அல்லது வர வேண்டிய நேரத்தில் வருவதில்லை

முதலில் உங்கள் சென்சார் எதைப் பார்த்து எச்சரிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சாயம் சேர்த்து செல்களை ஒளிரவைத்து எண்ணும் கருவி, மடிநோயில் பாலில் கூடும் உடலணுக்களை நேரடியாக எண்ணுகிறது. நிறத்தைப் பார்க்கும் கருவி இரத்தத்தைத் தேடுகிறது. அண்மை அகச்சிவப்பை மட்டும் வைத்து மடிநோயை ஊகிக்கும் கருவி, லாக்டோஸ் குறைவதையும் புரத அமைப்பு மாறுவதையும் வைத்துச் சுற்றுவழியில் முடிவுக்கு வருகிறது. மூன்றாவதை முதலாவதைப்போல நம்பக் கூடாது. அது தவறு செய்தால் கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, அதனால் முடிந்தது அவ்வளவுதான்.

தவறவிடுவதற்கு மிகச் சாதாரணமான காரணம், நான்கு காம்பின் பாலும் கலந்து வருவது. ஒரு காம்பில் மில்லிலிட்டருக்கு 8 லட்சம் செல்கள், மற்ற மூன்றிலும் 50 ஆயிரம் என்று வையுங்கள். நான்கும் சம அளவு கறந்தால் கலந்த பாலில் 2 லட்சத்து 37 ஆயிரம்தான் வரும். நோய் பிடித்த காம்பு பாலும் குறைவாகவே தரும், ஆகவே அதைவிடவும் குறையும். ஆரோக்கியமான மடிக்கு 2 லட்சம் என்ற எல்லையைத்தான் பெரும்பாலும் வைப்பார்கள்; இந்த மாடு அதை ஒட்டியே நிற்கிறது. அதனால் எச்சரிக்கை எல்லையை எல்லா மாட்டுக்கும் ஒன்றாக வைக்காமல், அந்த மாட்டின் சொந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும்படி அமையுங்கள். சந்தேகம் வந்தால் நான்கு காம்புப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் கறந்து கலிஃபோர்னியா மடிநோய்ப் பரிசோதனைத் திரவம் விட்டுப் பாருங்கள். கொழகொழவென்று கெட்டியாகும் காம்பு எது என்று உடனே தெரிந்துவிடும்.

பொய் எச்சரிக்கைக்கு வருவோம். இரத்தத்தின் ஹீமோகுளோபின் 415 நானோமீட்டர் அருகே மிகப் பலமாகவும், 540 முதல் 575 வரை பச்சை ஒளியிலும் உட்கவரும். நிறச் சென்சார்கள் அதைத்தான் தேடுகின்றன. ஆனால் பசும்புல் அதிகம் தின்னும் காலத்தில் பாலில் கரோட்டின் ஏறி மஞ்சளாகும், அதுவும் நீல ஒளியை உட்கவரும். தீவனம் மாறிய வாரத்தில் மந்தை முழுவதற்கும் நிற எச்சரிக்கை கூடினால் மாடுகளை ஊசி போட இழுக்க வேண்டாம், அடிப்படை நிறத்தை மறுபடி பதியவையுங்கள். சீம்பால் இன்னொரு சிக்கல். கன்று ஈன்ற முதல் கறவையில் புரதம் சாதாரணப் பாலைப்போல நான்கு மடங்குக்கு மேல்கூட இருக்கும், நிறமும் அடர்ந்த மஞ்சள். எந்தக் காலிப்ரேஷனும் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. கன்று ஈன்று முதல் நாலைந்து நாள் எண்களைக் கணக்கிலேயே சேர்க்காதபடி, ஈன்ற தேதியை மென்பொருளில் அன்றன்றே பதிய வேண்டும். தேதியைப் பதியாமல் விட்டதால் வரும் எச்சரிக்கைகள் நிறைய.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆன்டிபயாடிக் எச்சத்தை இந்தச் சென்சார்கள் பார்ப்பதில்லை. எண்கள் எல்லாம் அழகாக இருக்கின்றன என்பதற்காக மருந்து போட்ட மாட்டின் பாலைத் தொட்டியில் விடக் கூடாது. தண்ணீர்க் கலப்புக்கும் இது தீர்ப்பு சொல்லாது. அதற்கு உறைநிலை பார்க்க வேண்டும், கலப்பில்லாத பால் ஏறக்குறைய மைனஸ் 0.52 டிகிரியில் உறையும்.

அறிகுறி: ஆய்வக எண்ணும் சென்சார் எண்ணும் ஒத்துவரவில்லை

இங்கேதான் பண்ணைக்காரரும் கருவி விற்றவரும் சண்டைக்கு நிற்கிறார்கள். பாதிச் சண்டைகள் மாதிரி பாட்டிலிலேயே தீர்ந்துவிடும்.

மாதிரி எப்படி எடுக்கப்பட்டது? கறவையின் நடுவில் குழாயிலிருந்து பிடித்த பாலை மொத்தக் கறவையின் எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. மேலே பார்த்த 2.5, 4, 6 சதவீதக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மீட்டரின் மாதிரிக் குடுவையில் மொத்தக் கறவையிலிருந்தும் சேர்ந்த பாலைத்தான் எடுக்க வேண்டும். எடுக்கும் முன் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்க வேண்டும். கலக்காமல் ஊற்றினால் மேலே மிதக்கும் கொழுப்பு அங்கேயே நிற்கும். வேகமாகக் குலுக்கினால் வெண்ணெய் திரண்டு பாட்டில் சுவரில் ஒட்டும். அப்புறம் பாதுகாப்புப் பொருளான புரோனோபால் போட்டு 4 டிகிரியில் வைத்து அனுப்புங்கள். உறைய விடாதீர்கள், உறைந்தால் கொழுப்புத் துளிகளின் உறை கிழிந்துவிடும்.

மாதிரி சரி என்றால், இரண்டு பக்கமும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றனவா என்று பாருங்கள். வித்தியாசம் எல்லா மாதிரியிலும் ஒரே விகிதத்திலோ ஒரே அளவிலோ இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒருவர் 100 கிராமுக்கு எவ்வளவு என்று சொல்ல, இன்னொருவர் 100 மில்லிக்கு எவ்வளவு என்று சொன்னால், பாலின் அடர்த்தி 1.03 என்பதால் 4.00 என்பது 4.12 ஆகத் தெரியும். லாக்டோஸில் ஒருவர் நீர்மூலக்கூறு சேர்ந்ததைச் சொல்லி இன்னொருவர் சேராததைச் சொன்னால் சுமார் 5 சதவீத வித்தியாசம், 4.60 என்பது 4.84 ஆகும். புரதத்தில் ஒருவர் மொத்த நைட்ரஜனை 6.38 ஆல் பெருக்கி எடுத்த எண்ணைத் தருகிறார், இன்னொருவர் யூரியா போன்றவற்றைக் கழித்த உண்மைப் புரதத்தைத் தருகிறார் என்றால் 0.2 அளவுக்கு இடைவெளி நிற்கும். இந்த மூன்றிலும் யார் பக்கமும் பிழை இல்லை. ஆய்வக அறிக்கையின் அடிக்குறிப்பையும் சென்சார் கையேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும்.

இதையும் தாண்டி மிஞ்சும் வித்தியாசத்தை ஒரு தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள். ஆய்வகம் 3.0, 4.0, 5.0 என்று சொல்ல சென்சார் 3.3, 4.3, 5.3 என்று சொன்னால் அது முழுக்க நகர்ந்திருக்கிறது. 3.4, 4.0, 4.6 என்று சொன்னால் இரண்டு ஓரமும் நடுவுக்குச் சுருங்கியிருக்கின்றன. சுருங்குவது பெரும்பாலும் வெளிவெளிச்சம் கலப்பதாலோ, பாலைத் தொடாமல் சுற்றி வரும் ஒளியாலோ, முந்தைய மாட்டின் மிச்சப் பாலாலோ வருவது. அதைக் காலிப்ரேஷனில் திருத்தாதீர்கள், மேலே போய் அந்தக் காரணத்தைத் தேடுங்கள். புள்ளிகள் ஒழுங்கே இல்லாமல் சிதறிக் கிடந்தால் மாதிரி எடுத்ததில் பிழை, அல்லது பாட்டில்களின் எண் மாறியிருக்கிறது.

அறிகுறி: ஒரே நாளில் எல்லா இடத்திலும் எண் நகர்ந்துவிட்டது

எல்லாச் சென்சாரும் ஒரே நாளில் கெடாது. முந்தைய நாள் என்ன மாறியது என்று பாருங்கள். மென்பொருள் புதுப்பித்தீர்களா, கழுவும் மருந்தை மாற்றினீர்களா, வேறு இனத்து மாடுகள் வந்தனவா? எதுவும் இல்லை என்றால் பால்தான் மாறியிருக்கிறது. நார்த்தீவனம் குறைந்து தானியம் கூடினால் கொழுப்பு நிஜமாகவே விழும். இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு: எல்லா மாட்டின் கொழுப்பையும் அவற்றின் லிட்டர் அளவோடு பெருக்கிச் சராசரி எடுத்து, தொட்டிப் பாலின் கொழுப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. அப்போது தீவனத் தொட்டிக்குப் போங்கள்.

அறிகுறி: ஒரே மாட்டுக்கு மட்டும் வித்தியாசம்

காது அடையாளம் சரியாகப் படிக்கப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். பக்கத்து மாட்டோடு எண் மாறியிருந்தால் ஒன்றுக்கு ஏறி மற்றதற்கு இறங்கியிருக்கும். அடையாளம் சரி என்றால் மாட்டைக் கவனியுங்கள். கன்று ஈன்ற முதல் வாரங்களில் கொழுப்பு புரதத்தைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் மாடு உடல் கொழுப்பைக் கரைக்கிறது, அது மிஞ்சிப்போவதால் வரும் கீட்டோசிஸ் நோய் இருக்கலாம். விகிதம் ஒன்றுக்குக் கீழே போனால் அசைவயிற்றில் அமிலம் கூடியிருக்கலாம். கால்நடை மருத்துவரைக் கூப்பிட இதுவே போதுமான காரணம்.

அறிகுறி: எண்ணே வரவில்லை, அல்லது ஒரே எண்ணில் உறைந்து நிற்கிறது

மின்சாரம், கம்பி முனையில் பச்சைத் துரு, பெட்டிக்குள் நீராவி படிந்த ஈரம். இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. எப்போதும் உச்ச எண்ணே வந்தால் ஒளி அளவுக்கு மீறி விழுந்து டையோடு நிரம்பிவிட்டது, எப்போதும் பூஜ்யம் என்றால் விளக்கு எரியவில்லை. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் எரிகிறதா என்று கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள்; கைப்பேசிக் கேமரா 850, 940 நானோமீட்டர் விளக்குகளைப் பல நேரம் ஊதா வெளிச்சமாகக் காட்டும்.

கடைசியாகக் காலிப்ரேஷன்

கண்ணாடி சுத்தம், காற்று இல்லை, வெளிச்சம் இல்லை, சூடு சரி, மாதிரி சரி, அலகு சரி. அதற்குப் பிறகும் எண் முழுக்க ஒரே அளவு நகர்ந்தே நிற்கிறது என்றால் இப்போது தொடலாம். குறைந்த கொழுப்பு, நடுத்தரம், அதிகக் கொழுப்பு என்று பரவலாக 20 மாதிரிக்குக் குறையாமல் ஒப்பிட்டு, சராசரி வித்தியாசத்தை மட்டும் கழியுங்கள். சரிவை, அதாவது ஆய்வக எண் ஏற ஏற சென்சார் எண் எவ்வளவு ஏறுகிறது என்பதை, மாற்ற வேண்டுமென்றால் இன்னும் அதிகமாக, இன்னும் பரவலாக மாதிரிகள் வேண்டும். எல்லாம் 3.8க்கும் 4.2க்கும் நடுவில் கிடக்கும் மாதிரிகளை வைத்துச் சரிவைத் திருத்தினால் ஓரத்தில் இருக்கும் மாடுகளின் எண் நாசமாகும். ஹோல்ஸ்டைன் மாடுகளை வைத்து உருவாக்கிய சமன்பாட்டை ஜெர்சிக்கோ, 7 சதவீதக் கொழுப்பைச் சாதாரணமாகத் தாண்டும் எருமைப் பாலுக்கோ இப்படிக் கழித்துக் கூட்டிப் பொருத்த முடியாது. அதற்குப் புதிய சமன்பாடுதான் வேண்டும், அதைக் கருவி செய்தவர்களிடம் கேட்டு வாங்குங்கள்.

காலிப்ரேஷனின் பழைய மாறிலிகளை (கணக்கில் இருக்கும் எண்களை) தேதியோடு எழுதி வைத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் தீரவில்லை என்றால் கருவியைப் பழுதுபார்ப்பவருக்கு அனுப்புங்கள். கூடவே விளக்கை அணைத்து எடுத்த இருட்டு அளவீடு, காலி அறையின் அளவீடு, 37 டிகிரித் தண்ணீரின் அளவீடு, பழைய மாறிலிகள், ஆய்வகத்தோடு ஒப்பிட்ட அந்தப் புள்ளித்தாள் ஆகியவற்றையும் அனுப்புங்கள். இவை இருந்தால் விளக்கா, டையோடா, கண்ணாடியா என்று அவர் பெட்டியைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார்.